சித்தப்பாவின் 2.7

ஜனவரி இரண்டாவது வாரத்தில் சித்தி அழைத்தார். "பந்தல் பட்டியலை இந்த வருடமும் நீதானே போட்டுத் தருவாய், கண்ணு?" ஒவ்வோர் ஆண்டும் கேட்பதுதான். தைப்பூசத்தன்று பினாங்கில் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் எங்கள் உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். குடிநீர், மோர், காப்பி, மதியத்துக்கு மேல் சாம்பார் சாதம். பணமாகவும் பொருளாகவும் கொடுத்த உபயதாரர்களின் பெயர்களைப் பெரிய பதாகையில் அச்சிட்டுப் பந்தலின் முகப்பில் கட்டுவோம். நானூறு பெயருக்குக் குறையாது. அந்தப் பெயர்களை அடுக்கித் தருவது சித்தப்பா எழுதிய ஒரு நிரல். பைதான் என்ற நிரல்மொழியின் 2.7 பதிப்பில் எழுதியது. சித்தப்பா 2019-இல் காலமானார். அடுத்த ஜனவரி 1-ஆம் தேதியோடு பைதான் 2-க்கான ஆதரவும் நின்றுபோனது.

ஆறு ஆண்டுகள் அந்த நிரலில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் ஓட்டினேன். இந்த ஆண்டுதான் பைதான் 3-க்குக் கொண்டுவந்தேன். ஒரே மடிக்கணினியில் பழையதும் புதியதும் சண்டையில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் குடியிருந்ததால்தான் அது முடிந்தது. அந்தக் குடியிருப்பைச் சரியாக அமைக்க எனக்குச் சில வருடங்கள் பிடித்தன. அதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த நிரல் ஏன் முக்கியம் என்று சொல்லிவிட வேண்டும். சித்தப்பா ஜார்ஜ் டவுனில், லெபோ பாசாருக்கு அருகில் சிறிய அச்சகம் நடத்தியவர். ஈய எழுத்துகளைக் கையால் கோத்துப் பழகியவர். பட்டியலில் எழுத்து வரிசை பிசகினால் அவருக்குச் சோறு இறங்காது. கணினியில் பெயர்களை அடுக்கச் சொன்னால் கமலாவுக்கு முன்னால் கனகா வந்து நிற்பதைப் பார்த்து அவர் கொதித்துப்போனார். நெடுங்கணக்கில் னகரம் கடைசி மெய். ஆனால் கணினிகள் எழுத்துகளுக்கு எண் கொடுக்கப் பயன்படுத்தும் யூனிகோடில் நகரத்துக்கு அடுத்த இடத்தில் னகரம் இருக்கிறது. இந்திய மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக வகுத்த இஸ்கி அட்டவணையின் வரிசையை யூனிகோடு அப்படியே எடுத்துக்கொண்டதால் வந்த விளைவு இது. றகரம் ரகரத்தின் பக்கத்திலும், ளகரமும் ழகரமும் லகரத்தின் பக்கத்திலும் போய்விட்டன. புள்ளியும் அப்படித்தான். அகராதியில் முத்து வந்த பிறகுதான் முதல்வன் வருவான். எண் வரிசைப்படி அடுக்கினால் முதல்வன் முந்திக்கொள்கிறான்.

இதைச் சரிசெய்வதற்காகவே அவர் ஐம்பது வயதுக்கு மேல் பைதான் கற்றார். அகர வரிசையைத் தானே ஓர் அட்டவணையாக எழுதி, இரண்டு பெயர்களை எழுத்து எழுத்தாக ஒப்பிட்டு எது முன், எது பின் என்று சொல்லும் ஒரு செயற்கூற்றை அமைத்தார். பைதான் 2-இல் அது எளிய காரியமும் இல்லை. சாதாரணச் சரமாக 'தமிழ்' என்று எழுதி அதன் நீளத்தைக் கேட்டால் 2.7 பதினைந்து என்று சொல்லும், ஏனென்றால் அது பைட்டுகளை எண்ணுகிறது. பைதான் 3 யூனிகோடு குறிகளை எண்ணி ஐந்து என்று சொல்லும். நம் கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து. இந்த மூன்று கணக்குகளுக்கும் நடுவில் நின்று சித்தப்பா அந்த நிரலை எழுதி முடித்தார். ஆகவே அது எனக்கு வெறும் பழைய கோப்பு அன்று.

என் மடிக்கணினியில் அது மட்டும் இல்லை. நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பரிசோதனைப் பொறியாளராக இருக்கிறேன். அங்கே ஓர் அளவைக் கருவியோடு பேசும் டிரைவர் பைதான் 3.8-உடன் நின்றுவிட்டது. அதற்கு மேல் எதிலும் ஏறாது. மற்ற அலுவலக நிரல்கள் 3.12-இல் ஓடுகின்றன. சனிக்கிழமை காலையில் இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கு, ஐந்து படிக்கும் மாணவர்களுக்கு நிரலாக்கம் சொல்லித் தருகிறேன். அவர்களுக்கு 3.13. ஆக நான்கு பைதான்கள். "ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடு" என்று யாராவது சொன்னால் அவரிடம் நான் கேட்க விரும்புவது, எதை எடுப்பது என்றுதான்.

இப்போது 2021-இல் நடந்ததைச் சொல்கிறேன். கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம். கெளுகோரில் வீட்டிலிருந்தே வேலை. என் கணினியில் உபுண்டு 20.04 என்ற லினக்ஸ் இயங்குதளம் இருந்தது. அதோடு வந்தது பைதான் 3.8. எனக்கு 3.9 வேண்டியிருந்தது. தனியாக நிறுவினேன், அதுவரை சரி. பிறகு, 'பைதான்3' என்று தட்டினால் புதியதே ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டு, இயங்குதளத்தின் கோப்புறையில் அந்தப் பெயரில் இருந்த சுட்டியை 3.9-ஐக் காட்டும்படி திருப்பிவிட்டேன். ஒரே வரிக் கட்டளை. மறுநாள் காலையில் கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறக்க அதன் படத்தை அழுத்தினேன். சற்று நேரம் சுழன்றுவிட்டு மறைந்துபோனது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதேதான். மென்பொருள் நிறுவும் சில கருவிகளும் நான் கேள்விப்பட்டிராத ஒரு பேக்கேஜ், அதாவது துணை நிரல் தொகுப்பு, இல்லை என்று சொல்லி விழுந்தன.

காரணம் பின்னால் புரிந்தது. உபுண்டுவில் அந்த டெர்மினலைத் தொடங்கி வைப்பதே பைதானில் எழுதிய ஒரு சிறிய நிரல். அதற்குத் தேவையான பாகங்கள் 3.8-க்கென்று தொகுக்கப்பட்டவை. 3.9-இடம் கேட்டால் அதற்கு அவை தெரியாது. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் ஒன்றாக அழுத்திக் கறுப்புத் திரைக்குப் போய், சுட்டியைப் பழைய இடத்துக்கே திருப்பிய பிறகுதான் கணினி தேறியது. அன்றைய அலுவலகக் கூட்டத்துக்குக் கைப்பேசியில்தான் போனேன்.

அன்று புரிந்துகொண்டதை இன்றுவரை மாணவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்கிறேன். இயங்குதளத்தோடு வரும் பைதான் நமக்காக வைத்தது அன்று. தன் சொந்த வேலைகளுக்காக இயங்குதளம் அதை வைத்திருக்கிறது. அதன் பதிப்பை மாற்றக் கூடாது, அதற்குள் பேக்கேஜ்களைத் திணிக்கவும் கூடாது. 2023-இல் வந்த டெபியன் 12, உபுண்டு 23.04 தொடங்கி, அங்கே நேரடியாக, பேக்கேஜ் நிறுவும் கருவியான பிப் கொண்டு எதையாவது நிறுவப் போனால், இந்தச் சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று சொல்லி மறுத்துவிடுகிறது. அந்த மறுப்பை மீறுவதற்கும் ஒரு தேர்வு உண்டு. அதன் பெயரிலேயே 'உடை' என்ற சொல் இருக்கிறது. தயவுசெய்து அதைப் பயன்படுத்தாதீர்கள்.

சரி, பிறகு எங்கே வைப்பது? என் கணினியில் பைஎன்வ் என்ற கருவி இந்த வேலையைச் செய்கிறது. ரூபி மொழிக்காக எழுதப்பட்ட ஆர்பிஎன்வ்-இலிருந்து கிளைத்தது. இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நாம் ஒரு கட்டளையைத் தட்டியதும், அதை வாங்கி ஓட்டும் ஷெல் 'பாத்' என்ற பட்டியலில் உள்ள கோப்புறைகளை இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போய், அந்தப் பெயரில் முதலில் அகப்படுவதை ஓட்டுகிறது. அவ்வளவுதான் அதன் அறிவு. பைஎன்வ் தன் கோப்புறை ஒன்றை அந்தப் பட்டியலின் இடது கோடியில் வைத்துவிடுகிறது. அதில் இருப்பவை ஷிம் எனப்படும் சிறிய இடைநிலை நிரல்கள். 'பைதான்' என்று தட்டினால் ஷிம் எழுந்து, எந்தப் பைதானைக் கூப்பிட வேண்டும் என்று விசாரிக்கிறது. முதலில் சூழல் மாறியில் பதிப்பு குறித்திருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் இப்போது நிற்கும் கோப்புறையில் 'பைதான்-வெர்ஷன்' என்று, முன்னால் ஒரு புள்ளியோடு, கோப்பு இருக்கிறதா என்று பார்க்கும். அதுவும் இல்லையென்றால் அதன் தாய்க் கோப்புறை, அதற்கும் மேலே. எங்கேயும் அகப்படாவிட்டால் பொதுவாக வைத்த பதிப்பு.

அந்தச் சிறிய கோப்பில்தான் எனக்கு மிகுந்த பிரியம். ஒரே ஒரு வரி. சித்தப்பாவின் கோப்புறையில் அது '2.7.18' என்கிறது. கருவி டிரைவரின் கோப்புறையில் '3.8.20'. நான் கோப்புறைக்குள் நுழைந்தாலே போதும், அந்த இடத்துக்குரிய பைதான் வந்து நிற்கிறது. 'பைஎன்வ் வெர்ஷன்' என்று கேட்டால் எந்தப் பதிப்பு என்பதோடு, எந்தக் கோப்பு சொல்லி அதைத் தேர்ந்தது என்பதையும் காட்டும். ஏதாவது புரியாமல் தலை சுற்றினால் நான் முதலில் தட்டுவது அந்தக் கட்டளையைத்தான்.

ஓர் எச்சரிக்கை. பைஎன்வ் பெரும்பாலும் மூல நிரலைப் பதிவிறக்கி உங்கள் கணினியிலேயே தொகுக்கிறது, அதாவது ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றுகிறது. என் மடிக்கணினியில் ஐந்து நிமிடம் ஆகும். அதற்கு வேண்டிய சி மொழி லைப்ரரிகள் முன்பே இருக்க வேண்டும். எஸ்எஸ்எல், இசட்லிப், எஸ்க்யூலைட், ரீட்லைன், எஃப்எஃப்ஐ போன்றவற்றின் மேம்பாட்டுக் கோப்புகள். இவற்றில் சில இல்லாவிட்டாலும் தொகுப்பு நிற்காது. 'இந்தப் பாகம் தொகுக்கப்படவில்லை' என்று ஓர் எச்சரிக்கை வரி ஓடி மறையும், நிறுவல் வெற்றி என்றே முடியும். புதுக் கணினியில் நான் 3.8-ஐ அப்படித்தான் நிறுவினேன். ஒரு வாரம் கழித்துத் தொழிற்சாலையில் கருவியைப் பொருத்தி ஓட்டியபோது சி லைப்ரரிகளோடு பேசும் சிடைப்ஸ் பாகம் இல்லை என்று நின்றது. எஃப்எஃப்ஐ லைப்ரரியை முன்பே நிறுவாததுதான் காரணம். பிறகு லைப்ரரியை மட்டும் நிறுவினால் போதாது, பைதானையே மறுபடி தொகுக்க வேண்டும். அதனால் எந்தப் பதிப்பை நிறுவினாலும், உடனே உள்ளே போய் சிடைப்ஸ், எஸ்க்யூலைட், எஸ்எஸ்எல் மூன்றையும் இறக்குமதி செய்து பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறேன்.

இந்தத் தொகுக்கும் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு 2024-இல் வந்த யூவி என்ற கருவி நல்லது. முன்பே தொகுத்த பைதானை இறக்கிச் சில நொடிகளில் தந்துவிடுகிறது. என் மாணவர்களில் லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அது பைதான் 2-ஐ ஏற்பதில்லை. ஆகவே எனக்குப் பைஎன்வ்.

பதிப்பு ஒன்று, பேக்கேஜ்கள் வேறு. இதை ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். பைஎன்வ் எந்தப் பைதான் என்று தீர்மானிக்கிறது. அந்தப் பைதானுக்குள் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பேக்கேஜ்களை வைப்பது மெய்நிகர் சூழலின் வேலை. 3.3-இலிருந்து அது பைதானோடே வருகிறது. 2.7-க்கு வெர்சுவல்என்வ் என்று தனியாக நிறுவ வேண்டும். பிப்பும் 2021 ஜனவரியில் வந்த 21-ஆம் பதிப்போடு பைதான் 2-ஐ விட்டுவிட்டது. 20.3.4 தான் அதற்குரிய கடைசிப் பிப். சித்தப்பா வெளிப் பேக்கேஜ் எதையும் பயன்படுத்தாதது என் பாக்கியம். பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன ஒன்று என்பதால், அந்த 2.7-ஐ நான் இணையத்தைத் தொடும் எந்த வேலைக்கும் பயன்படுத்துவதில்லை. ஒரு கோப்பைப் படிக்கும், ஒரு கோப்பை எழுதும், அத்தோடு சரி.

மெய்நிகர் சூழலைப் பற்றி இன்னொன்று. அதற்குள் முழுப் பைதான் இல்லை. அடிப்படைப் பைதானைக் காட்டும் சுட்டிதான் இருக்கிறது. போன டிசம்பரில் இடம் காலியாகட்டும் என்று 3.12-இன் பழைய சிறுபதிப்பு ஒன்றை நீக்கினேன். அதன் மேல் கட்டியிருந்த மூன்று சூழல்கள் அந்தக் கணமே செத்தன. நல்லவேளையாக, என்னென்ன பேக்கேஜ், எந்தெந்தப் பதிப்பு என்ற பட்டியல் ஒவ்வொரு கோப்புறையிலும் எழுதி வைத்திருந்தேன். அரை மணி நேரத்தில் மூன்றையும் புதிதாகக் கட்டிவிட்டேன்.

சனிக்கிழமை வகுப்பில் பெரும்பாலும் விண்டோஸ்தான். "டீச்சர், நிறுவி முடித்துவிட்டேன், ஆனாலும் இல்லை என்று சொல்கிறது" என்று யாராவது ஒருவர் கை தூக்காத வாரமே கிடையாது. போய்ப் பார்த்தால், அண்ணன் பழைய பாடத்துக்காக நிறுவிய 3.11 ஒன்று, நாங்கள் நிறுவிய 3.13 ஒன்று. பிப் முதலாவதில் போட்டிருக்கும், நிரல் இரண்டாவதில் ஓடும். விண்டோஸில் 'பை' என்று ஒரு துணைக் கட்டளை உண்டு. அதற்குப் பக்கத்தில் ஒரு கோடும் பூஜ்யமும் போட்டால் நிறுவிய பைதான்களையெல்லாம் வரிசையாகக் காட்டும். அதைப் பார்த்த பிறகு, பிப்பைத் தனியாகக் கூப்பிடாமல் பைதான் வழியாகவே கூப்பிடச் சொல்கிறேன்: 'பை -3.13 -எம் பிப் இன்ஸ்டால்'. லினக்ஸில் 'பைதான் -எம் பிப்'. எந்தப் பைதானைக் கூப்பிட்டோமோ அதில்தான் பேக்கேஜ் போய் அமரும். வேறெங்கும் போகாது.

பதிப்பு எண்களுக்கும் எழுத்துகளைப் போலவே தனி வரிசை உண்டு என்பதை அலுவலகத்தில் கற்றேன். 3.9-க்கு மேல் இருக்கிறதா என்று சோதிக்கும் ஒரு வரியில் பதிப்பை வெறும் எழுத்துச் சரமாக ஒப்பிட்டிருந்தேன். 3.10 வந்தபோது அது 3.9-ஐவிடப் பழையது என்று நிரல் முடிவு செய்தது, ஏனென்றால் எழுத்தாகப் பார்த்தால் ஒன்று ஒன்பதுக்கு முன்னால். அமைப்புகளை எழுதி வைக்கும் யாமல் கோப்பில் மேற்கோள் குறி இல்லாமல் 3.10 என்று எழுதினாலும் அதே ஆபத்து. அது தசம எண்ணாகப் படித்து 3.1 ஆக்கிவிடும். கனகாவும் கமலாவும் இடம் மாறி நின்ற அதே கதை என்று அன்று எனக்குத் தோன்றியது. சித்தப்பா இருந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன்.

இனிப் பட்டியல். கோப்புறையைப் படியெடுத்து, ஒன்றில் 2.7.18, மற்றதில் 3.12 என்று வைத்தேன். பழைய நிரல் பழைய கோப்புறையில் தொடப்படாமல் ஓடும். புதியதில் நான் வெட்டி ஒட்டுவேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இரண்டையும் ஒரே பெயர்க் கோப்பில் ஓட்டி, வெளிவரும் இரண்டு பட்டியல்களையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். பழைய பைதானை நீக்காமல் வைத்திருப்பதன் முழுப் பயனும் இங்கேதான். புதிய நிரல் சரியா என்று கேட்க எனக்கு வேறு சாட்சி இல்லை.

அச்சிடும் கட்டளைகளுக்கு அடைப்புக்குறி போட்டது சுலபம். சித்தப்பாவின் ஒப்பிடும் செயற்கூற்றை அடுக்கும் கட்டளைக்கு நேரடியாகக் கொடுக்கும் வழி பைதான் 3-இல் இல்லை. அதை அடுக்குவதற்கான சாவியாக மாற்றித் தரும் கருவி, பைதானோடு வரும் ஃபங்க்டூல்ஸில் இருக்கிறது. ஒரு வரியில் முடிந்தது, அட்டவணையைத் தொட வேண்டியிருக்கவில்லை. பதாகைக்கு இரண்டு பத்தியாகப் பிரிக்கும் இடத்தில் நிரல் விழுந்தது. மொத்தப் பெயர்களை இரண்டால் வகுத்தால் பைதான் 2 முழு எண் தரும், பைதான் 3 தசமம் தரும். இரட்டைச் சாய்கோடு போட்டுச் சரிசெய்தேன்.

அதன் பிறகும் இரண்டு பட்டியல்களும் ஒத்துப்போகவில்லை. உபயத்தின் வகைப்படி பிரித்த ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெயர்கள் அச்சாக ஒன்றாக இருந்தன. பிரிவுகள்தான் இடம் மாறியிருந்தன. பழையதில் தண்ணீர், மோர், பூ, அன்னதானம். புதியதில் அன்னதானம் முதலில். ஓர் இரவு முழுக்க அதைத் தேடினேன். பிரிவுகளைச் சித்தப்பா ஒரு டிக்ஷனரியில், அதாவது ஒவ்வொரு சாவிக்கும் ஒரு மதிப்பு என்று சேமிக்கும் அமைப்பில், வைத்திருந்தார். பைதான் 2.7-இல் அதற்கென்று உறுதியான வரிசை கிடையாது. உள்ளே சாவிகள் விழும் இடத்தைப் பொறுத்து ஏதோ ஒரு வரிசை, ஆனால் ஒவ்வொரு முறையும் அதே வரிசை. பைதான் 3.7-இலிருந்து, நாம் சேர்த்த வரிசையே காக்கப்படும். இந்த ஆண்டுக் கோப்பில் முதலில் பதிந்தவர் அன்னதானத்துக்குக் கொடுத்தவர். தண்ணீரை முதலில் வை என்று சித்தப்பா எங்கேயும் எழுதவில்லை. அது தானாக அமைந்தது.

புதிய நிரலில் அந்த நான்கு பெயர்களையும் நானே ஒரு பட்டியலாக எழுதி, அதன்படி பிரிவுகளை அடுக்கச் சொன்னேன். ஒப்பீட்டுக் கட்டளையை மறுபடி ஓட்டினேன். ஒரு வரிகூட வேறுபடவில்லை.

பதாகை அச்சாகி வந்த அன்று சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக விரலால் தடவிப் படித்தார். கமலா, பிறகு கனகா. "அவர் எப்போதும் தண்ணீரைத்தான் முதலில் வைப்பார். தண்ணீர்ப் பந்தல் இல்லையா?" என்றார்.

"ஆமாம் சித்தி" என்றேன். புதிய நிரலின் ஒன்பதாவது வரியில் அந்த வரிசை இருக்கிறது: தண்ணீர், மோர், பூ, அன்னதானம்.